முதியோரும் குளிரும்: பிரிட்டனின் எரிபொருள் உதவித்தொகை பற்றி ஓர் ஆய்வு

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

குளிர் என்றால் நம்மில் பலருக்கு மார்கழி மாதத்து விடியற்காலைதான் நினைவுக்கு வரும். ஒரு கம்பளியும் ஒரு குவளை சூடான காப்பியும் இருந்தால் அதைக் கடந்துவிடலாம். ஆனால் ஆண்டில் பல மாதங்கள் வீட்டைச் சூடாக்காமல் வாழ இயலாத நாடுகளும் உலகில் உள்ளன. அங்கே உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றோடு வெப்பமும் நான்காவது அடிப்படைத் தேவையாகிறது. அத்தேவைக்குப் பணமில்லாத முதியோர்க்கு அரசு என்ன செய்ய வேண்டும்? எல்லோர்க்கும் கொடுப்பதா, ஏழைகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதா? நலப் பொருளியல் வகுப்பில் நாம் ஏட்டளவில் கற்கும் இவ்வினாவோடு பிரிட்டன் 1997 முதல் போராடி வருகிறது. அவ்வரலாற்றை இக்கட்டுரையில் சுருக்கமாக ஆராய விழைகிறேன்.

குளிர் கொல்லும் விதம்

குளிரால் இறப்பவர் என்றதும் பனியில் விறைத்து மடிபவரையே நாம் எண்ணுகிறோம். உண்மை வேறு. உடல் குளிரும்போது தோலை அடுத்த இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. இரத்தம் எளிதில் உறையும் தன்மை பெறுகிறது. இதனால் மாரடைப்பும் பக்கவாதமும் மிகுகின்றன. குளிர்ந்த காற்றைச் சுவாசிப்பதால் நுரையீரல் நோய்களும் முற்றுகின்றன. எனவே குளிர் கொன்ற மனிதரின் இறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் குளிரின் பெயர் இராது.

வீட்டின் வெப்பம் 18 டிகிரி செல்சியசுக்குக் குறையக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2017-18ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இங்கிலாந்திலும் வேல்சிலும் மற்றப் பருவங்களைவிட மிகையாக நேர்ந்த இறப்புகள் சுமார் 50 ஆயிரம். இதில் இன்புளூயன்சா காய்ச்சலுக்கும் பெரும் பங்கு உண்டு; ஆயினும் குளிர்ந்த வீடுகளின் பங்கை மறுப்பதற்கில்லை. பிரிட்டனைவிடக் கடுங்குளிர் நிலவும் பின்லாந்திலும் சுவீடனிலும் இத்தகைய மிகை இறப்பு விகிதம் குறைவு என்பது இதற்குச் சான்று. அங்கே வீடுகள் குளிரை எண்ணிக் கட்டப்பட்டவை.

எரிபொருள் வறுமை

பிரெண்டா போர்டுமன் என்ற அறிஞர் 1991இல் வெளியிட்ட நூலில் எரிபொருள் வறுமைக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். வீட்டைப் போதிய அளவு சூடாக வைத்திருக்க வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் செலவிட வேண்டியிருந்தால் அக்குடும்பம் எரிபொருள் வறுமையில் உள்ளது என்பது அவ்விலக்கணம். பின்னாளில் அரசு வேறு அளவுகோல்களை மேற்கொண்டபோதிலும், இவ்வறுமையின் காரணங்கள் மூன்று என்பதில் கருத்து வேறுபாடு இல்லை: குறைந்த வருமானம், எரிபொருளின் உயர்ந்த விலை, வெப்பத்தைக் கசியவிடும் பழைய வீடு.

முதியோரிடம் இம்மூன்றும் ஒருங்கே சேர்வதுண்டு. ஓய்வூதியம் அளவானது. பகல் முழுவதும் வீட்டிலேயே இருப்பதால் வீட்டைச் சூடாக வைக்க வேண்டிய நேரமோ மிகுதி. வாடகையைக் குறைக்க முடியாது. வரியைக் குறைக்க முடியாது. சூடாக்கியைத் திருகி அணைப்பது மட்டும் தம் கையில் இருக்கிறது. முன்பணம் செலுத்தும் மீட்டர் உள்ள வீட்டில் போட்ட காசு தீர்ந்தால் வாயுவும் நின்றுவிடும். அந்த வீட்டு இணைப்பை யாரும் வந்து துண்டிப்பதில்லை; ஆகவே அது கணக்கிலும் ஏறுவதில்லை.

உதவித்தொகையின் தோற்றமும் வளர்ச்சியும்

1997 நவம்பரில், தொழிற் கட்சி அரசின் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை அறிவித்தார். தொடக்கத்தில் குடும்பத்துக்கு 20 பவுண்டு. ஏழை முதியோர்க்கு 50 பவுண்டு. அது விரைவில் 100 ஆகி, 2000ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் 200 ஆயிற்று. 2003 முதல் 80 வயது கடந்தோர் உள்ள வீட்டுக்கு 300 பவுண்டு கிடைத்தது. வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. பெரும்பாலோர் விண்ணப்பிக்கவும் வேண்டியதில்லை. குளிர் தொடங்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் பணம் தானே வங்கிக்கு வந்து சேர்ந்தது.

இதில் ஒரு சுவையான வழக்கும் உண்டு. முதலில் பெண்களுக்கு 60 வயதிலும் ஆண்களுக்கு 65 வயதிலும் இத்தொகை வழங்கப்பட்டது. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், குளிர் ஆண் பெண் பார்த்தா அடிக்கிறது என்ற பொருள்பட வழக்குத் தொடுத்தார். 1999 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆண்களுக்கும் 60 வயதிலேயே உதவி கிடைத்தது. பின்னர் 2010 முதல் இவ்வயது படிப்படியாக உயர்த்தப்பட்டது.

இதனுடன் வேறு இரு உதவிகளும் குறிப்பிடத்தக்கவை. இங்கிலாந்திலும் வேல்சிலும் தொடர்ந்து ஏழு நாட்கள் சராசரி வெப்பநிலை பூச்சியம் டிகிரி அல்லது அதற்குக் கீழே இருந்தால், ஏழை முதியோர் உள்ளிட்ட வறியோர்க்கு 25 பவுண்டு தரப்படுகிறது. 2011இல் தொடங்கிய மற்றொரு திட்டத்தின்கீழ் மின்கட்டணத்தில் தள்ளுபடி கிடைக்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது?

இத்தொகையை எரிபொருளுக்கே செலவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெற்றவர் மளிகை வாங்கலாம்; பேரனுக்குப் பரிசும் வாங்கலாம். பாடநூலின்படி பணத்துக்குப் பெயர் கிடையாது. வருமானம் கூடினால் அதில் மிகச் சிறு பங்கே எரிபொருளுக்குப் போக வேண்டும். ஆனால் லண்டனின் நிதியியல் ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த பொருளியலறிஞர்கள் ஆராய்ந்தபோது, சாதாரண வருமான உயர்வில் நூற்றுக்கு 3 பவுண்டே எரிபொருளுக்குச் செல்ல, இவ்வுதவித்தொகையில் ஏறக்குறையப் பாதி எரிபொருளுக்கே சென்றது தெரியவந்தது. ‘எரிபொருள்’ என்று பெயரிட்டுக் கொடுத்ததனால் முதியவர் கை நடுங்காமல் சூடாக்கியைத் திருகினார் என்பதே இதன் பொருள். மனிதர் வெறும் கணக்கு இயந்திரம் அல்லர் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் படித்ததில்லை.

2024இன் சோதனை

பணக்காரருக்கும் ஏன் 200 பவுண்டு என்ற கேள்வி தொடக்கம் முதலே உண்டு. கேள்வி நியாயமானதே. 2024 ஜூலை 29 அன்று புதிய நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், அரசு நிதியில் 2,200 கோடி பவுண்டு பள்ளம் இருப்பதாகக் கூறி, வறியோருக்கான ‘பென்ஷன் கிரெடிட்’ போன்ற உதவிகளைப் பெறுவோர்க்கு மட்டுமே இனி இத்தொகை என்று அறிவித்தார். சுமார் 110 லட்சம் பேர் பெற்ற உதவி சுமார் 15 லட்சம் பேராகச் சுருங்கியது. செப்டம்பர் 10 அன்று நாடாளுமன்றத்தில் இதனை எதிர்த்து வந்த தீர்மானம் 228க்கு 348 என்ற வாக்குகளில் தோற்றது.

இங்கேதான் சிக்கல். தனியாக வாழும் முதியவர்க்குப் பென்ஷன் கிரெடிட்டின் எல்லை அப்போது வாரம் 218 பவுண்டு 15 பென்ஸ். அதற்கு மேல் ஓரிரு பவுண்டு பெறுபவர் 200 பவுண்டு முழுவதையும் இழந்தார். இரண்டாவது குறை இன்னும் கொடியது. அந்த எல்லைக்குக் கீழே இருந்தும் பென்ஷன் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்காதவர்கள் பல லட்சம் பேர். நீண்ட படிவத்தைக் கண்டு மலைப்பவர், கையேந்துவதாகக் கருதி நாணுபவர், அப்படியொரு உதவி உண்டென்றே அறியாதவர், ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறும் குடியேறிய முதியோர் என இவர்கள் பலவகை. ஈழத்திலிருந்து சென்று லண்டனில் முதுமை எய்திய நம் தமிழரும் இக்கடைசி வகையில் இருக்கக்கூடும். ஆக, செல்வரை வடிகட்ட இட்ட சல்லடை ஏழையையும் சேர்த்தே வடிகட்டிற்று.

எதிர்ப்பு வலுத்தது. 2025 ஜூனில் அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஆண்டுக்கு 35,000 பவுண்டு வரை வருமானமுள்ள ஓய்வூதியர் அனைவருக்கும் இங்கிலாந்திலும் வேல்சிலும் தொகை மீண்டும் கிடைத்தது. அதற்கு மேற்பட்டோர்க்கும் கொடுத்து, பின்னர் வருமான வரி வழியே திரும்பப் பெறுவது என்று முடிவாயிற்று.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நான் பெறும் கருத்துகள் இரண்டு. ஒன்று, உதவியை வாசலிலேயே நிறுத்திச் சோதிப்பதைவிட, எல்லோர்க்கும் கொடுத்துவிட்டுச் செல்வரிடம் வரியாகத் திரும்பப் பெறுவது மேலானது. சோதனையின் சுமையைப் படிவம் நிரப்பத் தெரியாத முதியவர் தோளில் ஏற்றாமல், ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் வரித்துறையின் தோளில் ஏற்றுவது இம்முறை. 2025இன் தீர்வை நான் வரவேற்பதற்கு இதுவே காரணம்.

மற்றொன்று, பணம் மட்டும் போதாது. ஓட்டைப் பானையில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் நில்லாது. சுவரும் கூரையும் சன்னலும் வெப்பத்தைக் காக்கும் வகையில் வீடு திருத்தப்படாதவரை, கொடுக்கும் பவுண்டில் ஒரு பகுதி புகைபோக்கி வழியே வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். ஆயினும் எல்லா வீடுகளையும் திருத்தி முடிக்கப் பல்லாண்டு ஆகும். எண்பது வயது முதியவர் அதுவரை காத்திருக்க முடியாது. அவருக்கு இந்தக் குளிர்காலத்திலேயே வெப்பம் வேண்டும்.