உபரி கோல்கீப்பரும் கனவு விலையும்

ஜூன் பிறந்தால் போதும், டொராண்டோவில் போகிற இடமெல்லாம் ஒரே பேச்சு. பிறந்தநாள் விருந்தில், கோயில் வாசலில், ஐஸ் அரங்கின் காப்பிக் கவுன்டரில் என்று எங்கும் அதே வசனம்: “அந்த அணியிடம் உபரியாக ஓர் இளம் கோல்கீப்பர் இருக்கிறான். அவனைக் கொடுத்தால் முதல் வரிசை சென்டர் ஒருவரை அப்படியே அள்ளிக்கொண்டு வரலாம்.” ஆண்டுதோறும் பையனின் பெயர் மாறும், அணி மாறும், கணக்கு மட்டும் மாறாது. “ஐஸ் ஹாக்கியை இத்தனை வருடமாகப் பார்க்கிறேன்” என்று தொடங்குகிறவர்கள்தான் இதை அதிக உறுதியோடு சொல்கிறார்கள். பார்த்து என்ன பயன்?

வீடுகளுக்கு விலை மதிப்பிடுவது என் பிழைப்பு. உரிமையாளர் மனத்தில் இருக்கும் தொகையை நாங்கள் விலையாக எடுப்பதில்லை. அதே தெருவில் அதே மாதிரி வீடு கடைசியாக எத்தனைக்குக் கைமாறியது என்று பார்ப்போம். கோல்கீப்பரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வரி: என்.எச்.எல். என்ற தொழில்முறை லீக்கில் 32 அணிகள். 18 வயதை எட்டும் பையன்களை ஆண்டுதோறும் ‘டிராஃப்ட்’ நடத்தி ஏழு சுற்றுகளில் அணிகள் பங்கிட்டுக்கொள்ளும். பிறகு வீரர்களையும் வரப்போகும் டிராஃப்ட் தேர்வுகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும். அதுதான் டிரேட். முன்கள வீரர்களில் நடுவில் ஆடுபவர் சென்டர்.

நம்பிக்கை: நன்றாக வளர்ந்துவரும் இளம் கோல்கீப்பர் ஒருவர், தனியாளாகவே ஒரு நட்சத்திர முன்கள வீரரைப் பெற்றுத் தருவார்.

தரமாட்டார். இதைச் சொல்கிறவர்கள் முதலில் நீட்டும் சான்று கோரி ஷ்னைடர். 2013 ஜூன் 30 அன்று வான்கூவர் அவரை நியூ ஜெர்சிக்குக் கொடுத்து முதல் சுற்றின் ஒன்பதாம் தேர்வை வாங்கியது. அந்தத் தேர்வில் வந்த போ ஹோர்வாட் பின்னாளில் வான்கூவரின் கேப்டனே ஆனார். “பார்த்தீர்களா?” என்பார்கள். பார்த்தேன். ஷ்னைடர் 2004 டிராஃப்டில் வந்தவர். கைமாறியபோது வயது 27. ராபர்ட்டோ லுவாங்கோ போன்ற ஒரு நட்சத்திரக் கோல்கீப்பரிடமிருந்தே முதல் இடத்தைப் பறித்துக் காட்டியிருந்தார். அவரை ‘வளர்ந்துவரும் பையன்’ என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து, பெரிய லீக்கில் தேறிய ஒருவருக்குக் கிடைத்ததே, இன்னும் ஒரு ஆட்டமும் ஆடாத 18 வயதுப் பையன் ஒருவன். ஹோர்வாட் நன்றாக வந்தது வான்கூவரின் அதிர்ஷ்டம். அதை அன்றைய விலையில் சேர்க்கக் கூடாது.

அடுத்த சான்று யாரோஸ்லாவ் அஸ்காரோவ். இவர் உண்மையிலேயே ‘வளர்ந்துவரும்’ வகை: 2020-இல் நாஷ்வில் 11-ஆவதாக எடுத்த ரஷ்யர். 2024 கோடையில் நாஷ்வில் தன் முதல் கோல்கீப்பர் யூசே சாரோஸுடன் எட்டாண்டு ஒப்பந்தம் போட்டது. அஸ்காரோவுக்கு வழி அடைபட்டது. ஆகஸ்ட் 23 அன்று அவர் சான் ஹோசேவுக்குப் போனார். அந்த நாளில் உலகில் அவரைவிடப் பேசப்பட்ட இளம் கோல்கீப்பர் அரிது. நாஷ்வில்லுக்குக் கிடைத்தது என்ன? முதல் சுற்றின் கடைசியில், 32-ஆவதாக எடுக்கப்பட்டிருந்த டேவிட் எட்ஸ்ட்ராம், வேகாஸ் அணிக்குரிய முதல் சுற்றுத் தேர்வு ஒன்று, வெற்றிடத்தை நிரப்ப ஒரு கோல்கீப்பர். அதற்கும் நாஷ்வில் தன் பக்கத்திலிருந்து ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் இன்னொரு வீரரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மறுநாளே களத்தில் இறங்கி ஆடக்கூடிய முன்கள வீரர் ஒருவர்கூட வரவில்லை.

இங்கே கெட்டிக்காரர்கள் ஒரு குறுக்குக் கேள்வி போடுவார்கள். எட்ஸ்ட்ராமும் அந்த வேகாஸ் தேர்வும் சில மாதங்களுக்கு முன்பு டோமாஷ் ஹெர்டிலைக் கொடுத்து சான் ஹோசே வாங்கியவை. ஹெர்டில் முதல் வரிசை சென்டர். அப்படியானால் அஸ்காரோவின் விலை ஒரு முதல் வரிசை சென்டர்தானே? நல்ல கேள்வி, தவறான கணக்கு. ஹெர்டிலுக்கு அப்போது 30 வயது. 2030 வரை நீளும் பெரிய ஒப்பந்தம் முதுகில் இருந்தது. அதைச் சுமக்கும் அணிக்கு உதவியாகச் சம்பளத்தில் ஒரு பங்கை சான் ஹோசேயே ஏற்றுக்கொண்டது. விற்றுத் தீர்க்க வேண்டிய நிலையில் இருந்த வீட்டைக் காட்டித் தெருவின் விலையைச் சொன்னால் எங்கள் அலுவலகத்தில் சீட்டுக் கிழிந்துவிடும்.

ஸ்பென்சர் நைட் கதையும் இதேதான். 2025 மார்ச்சில் அவரைக் கொடுத்து ஃபுளோரிடா தடுப்பாட்டக்காரர் செத் ஜோன்ஸை வாங்கியது, அதே ஆண்டு லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையும் வென்றது. நைட்டோடு ஒரு முதல் சுற்றுத் தேர்வும் போனதை யாரும் சொல்வதில்லை. ஜோன்ஸின் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சிகாகோ தன் தலையில் வைத்துக்கொண்டதையும் சொல்வதில்லை.

இவையெல்லாம் மேல்தட்டு விலைகள். கீழே வாருங்கள். ஜாக் கேம்பல், 2010-இல் டாலஸ் 11-ஆவதாக எடுத்தவர். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அமெரிக்காவுக்காக ஜூனியர் உலகத் தங்கம் வென்றிருந்தார். 2016-இல் டாலஸ் அவரை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பி வாங்கியது நிக் எபர்ட்டை. 2012 டிராஃப்டில் கடைசித் தேர்வு, 211-ஆவது, அந்த எபர்ட்தான். மால்கம் சுபன், 2012-இல் பாஸ்டன் 24-ஆவதாக எடுத்தவர். 2017 அக்டோபரில் வேகாஸ் அவரை எதுவும் கொடுக்காமலேயே எடுத்துக்கொண்டது. இந்தப் பெயர்களும் ஒரு காலத்தில் ‘அவனைக் கொடுத்தால் சென்டர் வரும்’ என்ற வாக்கியத்தில் இருந்தவைதான்.

ஏன் இப்படி? ஓர் அணிக்கு ஒரு வலைதான். 32 அணிகள், அணிக்கு இரண்டு கோல்கீப்பர்கள் என்றால் மொத்த வேலையே 64. அதிலும் முதல் ஆள் பருவத்தின் ஆட்டங்களில் பெரும்பகுதியை ஆடிவிடுவார். முன்கள வீரர் என்றால் ஓர் இரவுக்கு 12 பேர் இறங்குவார்கள், எந்த அணியும் வாங்கத் தயார். கோல்கீப்பரைத் தேடும் அணிகளோ எந்தக் கோடையிலும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றிலும் பாதி, நாளைக்கே வெல்ல வேண்டும் என்ற அவசரத்தில் தேறியவரைத் தேடும், பையனைத் தேடாது.

காலமும் விற்பவருக்கு எதிரி. 2011-இல் எடுக்கப்பட்ட ஜோர்டன் பின்னிங்டன் செயின்ட் லூயிஸ் வலையில் நிலைத்தது 2019-இல். அந்த வருடமே ஸ்டான்லி கோப்பை வென்றார். அதுவரை காத்திருக்கும் பொறுமை இருந்தாலும் லீக்கின் விதி விடாது. 18 வயதில் ஒப்பந்தமிடும் கோல்கீப்பரை ஆறு பருவங்கள் அல்லது 80 ஆட்டங்கள் வரைதான் கேள்வியின்றிச் சிறு லீக்குக்கு அனுப்பலாம். அதற்குப் பிறகு அனுப்ப வேண்டுமானால் ‘வேவர்ஸ்’ பட்டியலில் போட வேண்டும். வேறெந்த அணியும் இலவசமாகத் தூக்கிக்கொள்ளலாம். சுபனுக்கு நடந்தது அதுதான். இலவசமாகக் கிடைக்கப்போகும் சரக்குக்கு யார் முன்கூட்டிச் சென்டரைக் கொடுப்பார்?

இன்னும் சந்தேகமா? 2022, 2023, 2024 என்று மூன்று டிராஃப்டுகளில் முதல் சுற்றில் ஒரு கோல்கீப்பரையும் எந்த அணியும் எடுக்கவில்லை. முதல் சுற்றுத் தேர்வையே ஒரு கோல்கீப்பர் பையனுக்குச் செலவழிக்கத் தயங்குகிற அதே மேலாளர்கள், மறு கோடையில் நட்சத்திரச் சென்டரைத் தட்டில் வைத்து நீட்டுவார்களாம்!

இனி சில்லறை நம்பிக்கைகள்.

முதல் சுற்றில் எடுக்கப்பட்டவன்தான் நல்ல கோல்கீப்பர்? நியூயார்க் ரேஞ்சர்ஸ் 2004-இல் ஆல் மொன்டோயாவை ஆறாவதாக எடுத்தது. அந்த வலையைப் பல ஆண்டுகள் ஆண்டவர் 2000-இல் 205-ஆவதாக வந்த ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட். கானர் ஹெல்லபக் 130-ஆவது, டொமினிக் ஹாஷெக் 199-ஆவது. செர்கேய் பொப்ரோவ்ஸ்கியை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. பிளூரி, பிரைஸ், வாசிலெவ்ஸ்கி முதல் சுற்றில் வந்தவர்கள்தானே என்றால், ஆமாம். அதனால்தான் இதை அரை உண்மை என்று விட்டுவிடுகிறேன்.

ஜூனியர் உலகக் கோப்பையில் தங்கம் வென்றவன் தப்பமாட்டான்? டொராண்டோக்காரர்கள் ஜஸ்டின் போகியை நினைத்துக்கொள்ளட்டும். 2006-இல் கனடாவுக்குத் தங்கம் வென்றார். அவர் என்.எச்.எல்.லில் ஆடியது ஏழே ஆட்டங்கள்.

இளம் கோல்கீப்பரை விற்றவன் முட்டாள்? இது கொஞ்சம் நின்று பேச வேண்டியது, ஏனென்றால் நம் ஊரின் ஆறாத புண் இங்கேதான். 2005-இல் முதல் சுற்றில் எடுத்த டூக்கா ராஸ்க்கை, போகி இருக்கிறானே என்ற தெம்பில், மறு ஆண்டே இன்னொரு கோல்கீப்பரான ஆண்ட்ரூ ரேகிராஃப்ட்டுக்காக டொராண்டோ பாஸ்டனிடம் கொடுத்தது. 2014-இல் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பையை ராஸ்க் வாங்கினார். அந்த ஆண்டு இறுதிப் பட்டியலில் இருந்த மற்ற இருவர் செம்யோன் வர்லாமோவும் பென் பிஷப்பும். வர்லாமோவை வாஷிங்டன் ஒரு முதல் சுற்று, ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வுக்குக் கொடுத்திருந்தது. பிஷப்பைச் செயின்ட் லூயிஸ் ஒரே ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வுக்கு அனுப்பியிருந்தது. மூவருமே எடுத்த அணி கைவிட்டவர்கள்.

பின்னால் போனால் இன்னும் மோசம். 2000 ஜூனில், டிராஃப்ட் நாளன்று, நியூயார்க் ஐலண்டர்ஸ் கோல்கீப்பர் ரிக் டிப்பியெட்ரோவை முதலாவதாக எடுக்க முடிவுசெய்துவிட்டு, 21 வயது லுவாங்கோவைத் தள்ளிவிட்டது. கூடவே முன்கள வீரர் ஒல்லி யோகினனையும் கொடுத்து வாங்கியது மார்க் பாரிஷ், ஒலெக் குவாஷா என்ற இரு முன்கள வீரர்களை. ஹாஷெக்கைச் சிகாகோ 1992-இல் கொடுத்தது இன்னொரு கோல்கீப்பருக்கும் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கும். அவர் பஃபலோவில் ஆறு முறை வெசினா வென்றார்.

இவர்களை விற்றவர்கள் எல்லோரும் முட்டாள்களா? சந்தை கொடுத்த விலை அவ்வளவுதான். நான் கோபப்படுவது அந்த விலைக்கு விற்கத் துணிந்ததற்காக. விலை இவ்வளவு மலிவென்றால் இளம் கோல்கீப்பரை வாங்க வேண்டும், அல்லது வைத்துக்கொள்ள வேண்டும். உபரி என்று சொல்லி நட்சத்திரத்துக்குப் பேரம் பேசப் போவதுதான் வெட்டிவேலை. சான் ஹோசேக்கு இது புரிந்திருக்கிறது. அஸ்காரோவை வாங்கிய கையோடு 2025 முதல் சுற்றிலும் ஜோஷுவா ரேவன்ஸ்பெர்கன் என்ற கோல்கீப்பரை எடுத்தது. இரண்டில் ஒன்று தேறினாலும் லாபம்.

இந்த வதந்தியால் ஒரு சிறு கேடு நம் வீடுகளிலும் நடக்கிறது, அதையும் திட்டிவிடுகிறேன். ‘கோல்கீப்பர்தான் தங்கம்’ என்று கேட்டுக்கேட்டு, எட்டு வயதுப் பிள்ளையை வலைக்குள் நிறுத்தி, கால் காப்பு, மார்புக் காப்பு, முகமூடி, தடுப்புக் கையுறை என்று ஆயிரம் டாலருக்கு மேல் கடன் அட்டையில் தேய்க்கிற அப்பாக்களைப் பார்க்கிறேன். மறு வருடம் பிள்ளை வளர்ந்துவிடும், அல்லது ஓடி ஆட ஆசைப்படும். கவசம் நிலவறையில் கிடக்கும். பக்கத்துத் தெருவில் வலையில் நிற்க உண்மையாகவே ஆசைப்படும் இன்னொரு பிள்ளை, காசில்லாமல் ஆட்டத்தையே விட்டிருக்கும். சிறுவர் அணிகளில் பத்து வயதுவரை எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்து வலையில் நிற்கட்டும். கவசத்தை அணி வைத்திருந்து இரவல் கொடுக்கட்டும். செப்டம்பரில் பருவம் தொடங்கும் முன் உங்கள் பகுதி அணியின் மேலாளரைப் பிடித்து இதைக் கேளுங்கள். நிலவறையில் கிடப்பதை அவரிடமே கொடுத்துவிடுங்கள். பட்டைகளை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக் கொடுங்கள், அறுந்த பட்டையோடு தருகிறவர்கள்தான் அதிகம்.