கரடுமுரடான பாதைகளில் மிதிவண்டியின் பின் டெரெய்லரைப் பாதுகாத்தல்

தோர்ண்டன் ஹீத்திலிருந்து தெற்கே செல்லும் மிதிவண்டியாளருக்குப் பலவகை நிலங்கள் எதிர்ப்படுகின்றன. அடிங்டன் ஹில்ஸ் பகுதியில் கூழாங்கற்கள் மிகுதி. நார்த் டவுன்ஸ் குன்றுகளின் சுண்ணாம்பு நிலத்தில் கூரிய சிக்கிமுக்கிக் கற்கள் கிடக்கின்றன. மழைக்குப் பின் களிமண் பாதைகள் சேறாகின்றன. இத்தகைய இடங்களில் எளிதில் சேதமடையும் உறுப்பு பின் டெரெய்லர் ஆகும்.

டெரெய்லரும் ஹேங்கரும்

பின்சக்கரத்தின் வலப்புறத்தில் தொங்கியபடி, சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்துவது டெரெய்லரின் பணி. ‘ஹேங்கர்’ எனப்படும் சிறிய உலோகத் துண்டு அதனைச் சட்டகத்துடன் இணைக்கிறது. அலுமினியச் சட்டகங்கள் பலவற்றில் இத்துண்டு தனியே கழற்றக்கூடியது. பலத்த அடி விழும்போது விலையுயர்ந்த சட்டகம் உடையாமல், இத்துண்டே வளையவோ முறியவோ வேண்டும் என்பதற்காகவே அது அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது.

ஹேங்கர்கள் பல வடிவங்களில் உள்ளன. ஒரு வண்டிக்குரியது மற்றொன்றுக்குப் பொருந்தாமல் போகலாம். எனவே தமது வண்டிக்குரிய ஒன்றை முன்னரே வாங்கிப் பையில் வைத்திருப்பது நன்று.

புறப்படும் முன்

• வண்டியின் பின்னால் நின்று பார்க்க வேண்டும். டெரெய்லரின் இரு சிறு உருளைகளும் பற்சக்கரத்திற்கு நேர் கீழே, ஒரே செங்குத்துக் கோட்டில் இருத்தல் வேண்டும்.
• ‘எல்’ எனக் குறிக்கப்பட்ட திருகாணி, டெரெய்லர் சக்கரத்தின் ஆரக்கம்பிகளை நோக்கி எல்லை மீறாமல் தடுக்கிறது. அது சரியாக அமைந்துள்ளதா எனச் சோதிக்க வேண்டும்.
• சில டெரெய்லர்களில் சங்கிலியின் துள்ளலைக் குறைக்கும் ‘கிளட்ச்’ உண்டு. சக்கரத்தைக் கழற்றுவதற்காக அதனை நிறுத்தியிருந்தால், மீண்டும் இயக்கிய பின்னரே புறப்பட வேண்டும்.
• காரிலோ ரயிலிலோ வண்டியைக் கொண்டு செல்லும்போது சங்கிலியை மிகப் பெரிய பின் பற்சக்கரத்தில் வைத்தால் டெரெய்லர் உட்புறம் ஒதுங்கியிருக்கும். வண்டியைப் படுக்க வைக்க நேர்ந்தால் இடப்புறமாகவே படுக்க வைக்க வேண்டும்.

பாதையில் செல்லும்போது

சங்கிலி மிகச் சிறிய பின் பற்சக்கரத்தில் இருக்கும்போது டெரெய்லர் அதிகமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கற்களும் அடிமரங்களும் நெருங்கிய குறுகிய பாதையில் நடுத்தரப் பற்சக்கரங்களைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. தடை வலப்புறத்தில் இருப்பின், சற்று இடப்புறம் விலகிச் செல்ல வேண்டும்.

சுள்ளியோ கொடியோ சங்கிலியில் சிக்கிய ஓசை கேட்டால் உடனே மிதிப்பதை நிறுத்த வேண்டும். சிக்கிய பொருளைவிட, தொடர்ந்து மிதிக்கும் காலின் விசையே பெரும்பாலும் ஹேங்கரை முறிக்கிறது. வண்டியை நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் பின்னோக்கிச் சுழற்றி, சுள்ளியை அகற்றிய பின்னரே பயணத்தைத் தொடர வேண்டும்.

வண்டி விழுந்த பின்

வலப்புறமாக விழுந்த வண்டியை உடனே ஓட்டலாகாது. ஹேங்கர் உட்புறம் வளைந்திருந்தால், மிகப் பெரிய பற்சக்கரத்திற்கு மாற்றும் கணத்தில் டெரெய்லர் ஆரக்கம்பிகளுக்குள் சிக்கும். அப்போது டெரெய்லரும் சக்கரமும் ஒருசேர அழியக்கூடும். ஓட்டுபவர் தூக்கி எறியப்படவும் கூடும். ஆகவே பின்னாலிருந்து பார்த்துச் சோதிக்க வேண்டும். வளைவு தெரிந்தால் பெரிய பற்சக்கரங்களைத் தவிர்த்து, மெதுவாகத் திரும்ப வேண்டும். டெரெய்லர் கம்பிகளைத் தொடும் நிலையில் இருந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டே வர வேண்டும்.

எஃகு ஹேங்கரைப் பழுதுபார்ப்பவர் நிமிர்த்தித் தரலாம். அலுமினியம் மீண்டும் மீண்டும் வளைக்கப்பட்டால் வலுவிழக்கும்; அதனை மாற்றிவிடுவதே முறை. பெரும்பாலான வண்டிகளில் டெரெய்லரைக் கழற்ற 5 மி.மீ. அறுகோணச் சாவி போதுமானது.

செல்லத்தக்க பாதைகள்

1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைப் பாதைகளில் மிதிவண்டி ஓட்டலாம். ஆயினும் நடப்போருக்கும் குதிரையில் வருவோருக்கும் வழிவிட வேண்டும். இப்பாதைகளை நீல அம்புக்குறி காட்டுகிறது. மஞ்சள் அம்புக்குறி நடைபாதையைக் குறிக்கும். அங்கு மிதிவண்டி ஓட்டும் உரிமை இல்லை. பூங்காக்களில் நுழைவாயில் அறிவிப்பைப் படித்த பின்னரே செல்ல வேண்டும்.