மாங்காயும் 'மேங்கோ'வும்



சென்ற ஆண்டு ஒரு மாலை, மாணவன் ஒருவனின் தாயார் நம்மைக் காண வந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிவிட்டு நேரே வந்திருந்தார். "ஐயா, பையன் ஆங்கிலப் பாடத்தில் வாயே திறப்பதில்லை என்கிறீர்கள். எங்களுக்கு ஓரெழுத்தும் தெரியாதே, வீட்டில் எதைச் சொல்லிக் கொடுப்பது?" என்றார். அன்று அவன் சொல்லத் தயங்கிய சொல் 'மேங்கோ'.

"அம்மா, அது உங்கள் வீட்டிலிருந்து போன சொல்தான்" என்றோம். அவர் நம்பவில்லை. ஆகவே அதனை இங்கே எழுதுகின்றோம்.

மா என்னும் மரத்தின் காய் மாங்காய். 1498இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டை அடைந்தனர். 1511இல் நம் மலாக்காவைப் பிடித்தனர். அவர்கள் வாயில் இதன் பெயர் 'மங்கா' ஆயிற்று. தமிழ் மாங்காயா, மலையாள 'மாங்ங'யா, எது நேர்மூலம் என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. இரண்டும் உடன்பிறப்புகளே. மலாய் 'மங்கா'வும் அக்குடும்பத்ததே. (மலாயில் பூட்டுக்கும் அதுவே பெயர், அது வேறு கதை.) ஆங்கிலத்திற்குச் சென்றபின் ஈற்றில் 'ஓ' ஒட்டிக்கொண்டது.

நம் பிள்ளைகள் இதனை 'மாங்கோ' என நீட்டுகின்றனர். அது பிழை. தமிழில் 'மேங்கோ' என எழுதினாலும் முதலொலி 'மே'யும் அன்று. பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் நடுவே வரும் குற்றொலியே அது. வாயைச் சற்று அகலத் திறந்து, அழுத்திச் சொல்லுதல் வேண்டும். அடுத்து வருவது மாங்காயில் உள்ள அதே 'ங்க'. பிற நாட்டார் பலர் முயன்று கற்கும் இவ்வொலி நமக்குத் தாய்மொழியிலேயே உண்டு. பன்மைக்கு 'எஸ்' மட்டும் சேர்ப்பினும், 'இ', 'எஸ்' இரண்டும் சேர்ப்பினும் சரியே.

பொருளில்தான் கவனம் தேவை. நமக்கு மாவடு, மாங்காய், மாம்பழம் என மூன்று பெயர்கள். ஆங்கிலத்திற்கு ஒன்றே. காயைச் சொல்ல 'கிரீன்' என்றும், கனியைச் சொல்ல 'ரைப்' என்றும் அடைமொழி சேர்க்க வேண்டும். ஊறுகாய் பற்றி எழுதிய மாணவி ஒருத்தி 'ரைப்' என்று எழுதிவிட்டாள். கனிந்த பழத்தில் உப்பும் மிளகாயும் கொட்டியதாயிற்று!

முற்காலத்தில் கப்பற்பயணம் நெடிது. பழம் அழுகிவிடும், ஊறுகாயே இங்கிலாந்து சேரும். அதனால் அங்கே வேறு காய்களை அவ்வாறு ஊறவைத்ததற்கும் 'மேங்கோ' என்றே பெயரிட்டனர். அமெரிக்காவின் சில பகுதிகளில் குடைமிளகாய்க்கும் அப்பெயர் வழங்கிற்று.

மறுவாரம் அச்சிறுவன், தாய் கொடுத்தனுப்பிய நான்கு மாங்காய்களை மேசைமேல் வைத்துவிட்டு, அச்சொல்லை உரக்கச் சொன்னான். 'மா' நீண்டுதான் ஒலித்தது. அன்று விட்டுவிட்டோம், மறுநாள் திருத்தினோம்.