ஊமத்தை: வெளியே தடவினால் விஷம் ஏறாதா?

"உள்ளுக்குச் சாப்பிட்டாத்தானே டாக்டர் விஷம்? நான் முட்டியில பத்துதானே போட்டேன்!"

கண் மருத்துவராக இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. கடைசியாகச் சொன்னவர் அறுபதை நெருங்கும் ஓர் அம்மா. வேலியோரத்து ஊமத்தை இலையை அரைத்து முட்டி வீக்கத்துக்குப் பற்றுப் போட்டிருக்கிறார். நடுவில் கண் அரிக்க, அதே கையால் கசக்கிவிட்டார். மறுநாள் காலை வலது கண்பாப்பா அகல விரிந்து கிடந்தது. டார்ச் அடித்தும் சுருங்கவில்லை. இடது கண் எப்போதும்போல இருந்தது. மூளையில் ரத்தக் கசிவோ என்று பதறிய மகன், ஸ்கேன் எடுத்த பிறகுதான் என்னிடம் அழைத்து வந்தார். ஸ்கேனில் கோளாறு இல்லை. பைலோகார்பின் சொட்டு விட்டுப் பார்த்தேன். நரம்புக் கோளாறாக இருந்தால் பாப்பா சுருங்கியிருக்கும், அசையவே இல்லை. "என்ன இலையைத் தொட்டீங்கம்மா?" என்று கேட்டேன். அப்போதுதான் அந்தப் பதில் வந்தது.

ஊமத்தையின் இலை, பூ, விதை, வேர் எல்லாவற்றிலும் அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபோலமின் இருக்கின்றன. குழந்தைகளுக்குக் கண்ணாடி பவர் பார்க்க நாங்கள் விடுவது 1 சதவீத அட்ரோபின் சொட்டு. அதற்கே பாப்பா பழைய நிலைக்கு வர ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும்.

தோல் வழியாக ஏறாதா? பயணத்தில் வாந்தி வராமலிருக்கக் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை, 3 நாளில் 1 மில்லிகிராம் மருந்தைத் தோல் வழியாகவே ரத்தத்தில் சேர்க்கிறது. அது அளந்து வைத்தது. அம்மியில் அரைப்பதற்கு என்ன அளவு? செடிக்குச் செடி நச்சின் அளவு மாறும். பருவோ புண்ணோ இருக்கும் தோலில் இன்னும் வேகமாக ஏறும். முகப்பருவுக்கும் பொடுகுக்கும் இதைப் பூசச் சொல்கிறவர்கள், கண்ணுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் நஞ்சை வைக்கச் சொல்கிறார்கள்.

"சித்த மருத்துவத்தில் மத்தன் தைலம் இல்லையா?" என்பார்கள். இருக்கிறது. ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சி, ஆறாத புண்ணுக்குச் சித்த மருத்துவர் பார்த்துக் கொடுக்கும் மருந்து அது. முகத்தில் பூசும் அழகு எண்ணெய் அல்ல.

மற்ற நம்பிக்கைகளுக்குச் சுருக்கமான பதில் போதும்.

வெள்ளை ஊமத்தை சாது, கருஊமத்தைதான் விஷம்: தவறு. இரண்டிலும் அதே நச்சுகள்தான்.

கொதிக்க வைத்தால் விஷம் முறியும்: முறியாது. கஷாயம் குடித்தவர்களுக்கும் வாய் வறண்டு, உடம்பு அனலாகி, சித்தம் கலங்கும்.

இலைப் புகை இழுத்தால் ஆஸ்துமா போகும்: சென்னையில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனிடம் இந்த வழக்கத்தைத் தெரிந்துகொண்ட ஜெனரல் ஜென்ட், 1802இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அன்றைக்கு வேறு வழி இல்லை. இன்றைக்கு அட்ரோபினை மாற்றியமைத்து உருவாக்கிய இப்ராட்ரோபியம், அளவோடு இன்ஹேலரில் கிடைக்கிறது.

நாய்க்கடிக்கு ஊமத்தை போதும்: இதை நம்பினால் உயிர் போகும். கடிவாயை 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், உடனே தடுப்பூசிக்கு ஓடுங்கள். வெறிநோய் அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாகப் பிழைக்க வழியில்லை.

சிவனுக்குச் சாத்தும் பூ கெடுதல் செய்யுமா: தேவாரம் 'மத்தம்' என்று சொல்லும் பூ இதுதான். நஞ்சுண்டவனுக்குத் தாராளமாகச் சாத்துங்கள்; நாம் உண்ணப் படைத்த பிரசாதம் அல்ல அது. சாத்திய கையைக் கழுவுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறவியிலேயே கண்ணின் வடிகால் குறுகலாக அமைந்தவர்களுக்கு, பாப்பா இப்படி விரிந்தால் கண் நீர் அழுத்தம் திடீரென ஏறிப் பார்வையே போகலாம். தனக்கு அந்த அமைப்பு இருப்பது பலருக்குத் தெரியாது. நாற்பது வயது தாண்டியவர்கள், ஊமத்தையைத் தொட்டாலும் தொடாவிட்டாலும், ஒருமுறை கண் அழுத்தத்தோடு இந்த வடிகால் அமைப்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அந்தி சாய்ந்ததும் விரிந்து, இரவில் அந்துப்பூச்சிகளை அழைக்கும் அந்த வெள்ளைக் குழல் பூவை வெட்டி எறியச் சொல்லவில்லை. வேலியோரத்திலேயே இருக்கட்டும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பாப்பா விரிந்தாலோ, யாராவது பிதற்றினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தொட்ட இலையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள்.