திக்கும் காட்சியும் தீர்க்கும் வழியும்

திருமண வீடியோவாயினும், குறும்படமாயினும், துறை விழாப் பதிவாயினும் இன்று கணிப்பொறியிலேயே வெட்டி ஒட்டப்படுகின்றன. அவ்வாறு எடிட்டிங் செய்யும்பொழுது காட்சி திக்கித் திக்கி ஓடுவதும், நடுவில் நின்றுவிடுவதும், வாயசைவும் ஒலியும் பொருந்தாமற் போவதும் உண்டு. உடனே, "கம்ப்யூட்டர் பழையது, புதிது வாங்க வேண்டும்" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அத்தீர்ப்பின் விலை பல ஆயிரம் ரூபாய். எங்கள் வீட்டைப் போல, நாட்கூலியில் முதன்முதலாக ஒரு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் வீடுகளில் அது எளிதிற் கிடைக்கும் தொகையன்று. எனவே, குறை எங்கேயிருக்கிறது என்று அளந்தறியும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாற்பது மில்லிவினாடிக் கெடு

வினாடிக்கு 25 பிரேம்கள் கொண்ட படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் காலம் 40 மில்லிவினாடி. அதற்குள் ஹார்டு டிஸ்க் தரவைப் படித்துத் தரவேண்டும். பிராசசர் அதை விரிக்க வேண்டும். கிராபிக்ஸ் பகுதி திரைக்கு அனுப்ப வேண்டும். ஏதேனும் ஒரு படியில் கெடு தவறினாலும் அந்தப் பிரேம் விடுபடும். அதுவே நம் கண்ணுக்குத் திக்கலாகத் தெரிகிறது.

தரவை ஏன் விரிக்க வேண்டும்? 1920 × 1080 அளவுள்ள ஒரு பிரேமில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 3 பைட் எனக் கொண்டால், பிரேமுக்கு ஏறத்தாழ 6.2 மெகாபைட், வினாடிக்கு 155 மெகாபைட், ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 560 ஜிகாபைட்! ஆகவே கேமராக்கள் படத்தைச் சுருக்கியே பதிகின்றன. 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265 ஆகியவை இதற்கான முறைகள். இவற்றில் பெரும்பாலும் ஒரு பிரேம் முழுமையாகவும், அடுத்து வருபவை மாறுதல்கள் மட்டுமாகவும் பதியப்படுகின்றன. வரிசையாகப் பார்ப்பவருக்கு இதனால் தொல்லையில்லை. எடிட் செய்பவரோ நடுவில் தாவுகிறார். ஒவ்வொரு தாவலுக்கும் முந்தைய முழுப் பிரேமிலிருந்து கணக்கிட்டு வரவேண்டியிருக்கிறது. சாதாரண பிளேயரில் நன்றாக ஓடும் படம் எடிட்டிங் மென்பொருளில் திணறுவதற்கு இதுவே முதற்காரணம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ஆய்வுக்கூடத்தில் ஓம் விதியைச் சரிபார்க்கும்பொழுது மின்தடையை மாற்றாமல் வைத்து, மின்னழுத்தத்தை மட்டும் மாற்றுகிறோம். இங்கும் அதே ஒழுங்கு வேண்டும்.

முதலாவது, வெளி டிஸ்கில் உள்ள கோப்பைக் கணிப்பொறியின் உள் டிஸ்கில் நகலெடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். திக்கல் நீங்கினால் குறை டிஸ்க், கேபிள், போர்ட் ஆகியவற்றுள் ஒன்று.

இரண்டாவது, படம் ஓடும்பொழுதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்க வேண்டும். பிராசசர் நூறு விழுக்காட்டைத் தொட்டால் விரிக்கும் வேலை மிகுதி. நினைவகம் நிரம்பினால் பிற மென்பொருள்களை மூட வேண்டும்.

மூன்றாவது, முதற் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பின்னர் திக்கினால், வெப்பத்தை ஐயுற வேண்டும். மிகுந்து சூடேறிய பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறியில் படிந்த தூசியை அகற்றினாலே பலவேளை சரியாகும்.

நான் மாலையில் வேலை செய்யும் ஸ்டூடியோவில் இம்முறை பயன்பட்டது. மூன்று கேமராப் பதிவுகளை ஒன்றாக ஓட்டினால் மட்டும் படம் நின்றது. உரிமையாளர் அண்ணன் கடன் வாங்கிப் புதுக் கணிப்பொறி எடுக்க இருந்தார். பிராசசரோ பாதியளவுகூட உழைக்கவில்லை. ஒவ்வொரு பதிவும் வினாடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 மெகாபைட், மூன்றும் சேர்ந்து 37.5. டிஸ்க் செருகப்பட்டிருந்ததோ முன்பக்க யுஎஸ்பி 2.0 போர்ட்டில். அதன் ஏட்டளவு வேகம் 480 மெகாபிட் எனினும், நடைமுறையில் 30 முதல் 40 மெகாபைட் வரையே கிடைக்கும். பின்பக்க யுஎஸ்பி 3.0 போர்ட்டுக்கு மாற்றினோம், படம் ஓடியது. செலவு ஒன்றுமில்லை.

பிற குறைகளும் மருந்துகளும்

விரிக்கும் வேலை மிகுதியெனில் பிராக்சி எனப்படும் சிறு நகல்களை உருவாக்கி, அவற்றைக் கொண்டு எடிட் செய்யலாம். இறுதி வெளியீட்டின்போது மென்பொருள் மூலப் பதிவையே எடுத்துக்கொள்ளும். முன்னோட்டத் தரத்தைப் பாதியாகக் குறைப்பதும் உதவும். அதனால் இறுதிப் படத்தின் தரம் குறையாது.

ஒலி போகப்போக விலகினால், பதிவு கைப்பேசியில் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். கைப்பேசிகள் பல, பிரேம் வேகத்தை நிலையாக வைப்பதில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால் அதை நிலையான வேகத்திற்கு மாற்றிக்கொள்ளலாம்.

திரையில் பச்சைக் கட்டங்களோ கருமையோ தோன்றினால், மென்பொருள் அமைப்பில் ஹார்டுவேர் டிகோடிங்கை நிறுத்திப் பாருங்கள். குறை மறைந்தால் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிப்பதே அடுத்த வேலை. பெரிய கோப்பு பென் டிரைவில் ஏற மறுத்தால், அது ஃபேட்32 முறையில் அமைந்ததா எனப் பாருங்கள். அம்முறை 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்காது.

எந்தச் சோதனைக்கும் முன் மூலப் பதிவுக்கு இன்னொரு நகல் எடுத்து வைத்தல் இன்றியமையாதது. கணிப்பொறியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரு வீட்டின் தாலிகட்டும் காட்சியை மறுமுறை எடுக்க இயலாது. பழைய பொறி உண்மையிலேயே போதாது என்ற முடிவும் சிலவேளை வரக்கூடும். அம்முடிவு அளவையிலிருந்து வரட்டும், அவசரத்திலிருந்து வரவேண்டாம்.