நம்ம மலைத் தண்ணி எங்கே போகுது?

லயத்துப் பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது: "பீலித் தண்ணி கடைசியில எங்கே போகுது?" நல்ல கேள்வி.

அட்டன் மலைமுகட்டுக்கு ஒரு பக்கம் நோர்வூட், மஸ்கெலியா. அங்கே பெய்கிற மழை களனி கங்கையோடு கொழும்புப் பக்கம் போய் மேற்குக் கடலில் விழுகிறது. மறுபக்கம் லிந்துலை, தலவாக்கலை. அந்த மழை ஆக்ரா ஓயா, நானு ஓயா வழியாகக் கொத்மலை ஓயாவில் சேர்ந்து, 1985இல் திறந்த கொத்மலை அணையைக் கடந்து மகாவலியில் கலக்கிறது. பக்கத்துப் பக்கத்து மழைதான், கடல் வேறு!

மகாவலி 335 கிலோமீற்றர் நீளம். இலங்கையில் இதைவிட நீளமான ஆறு இல்லை. கம்பளை, பேராதனை தாண்டி, கண்டியைச் சுற்றிப் பொல்கொல்லைக்கு வருகிறது. 1976 முதல் அங்கே ஒரு பங்கு தண்ணீரைச் சுரங்கம் வழியாக வடக்கே வயல்களுக்குத் திருப்புகிறார்கள். மீதி விக்டோரியா, ரந்தெனிகல, மினிப்பே என்று இறங்கி, வடக்கே திரும்பி, மன்னம்பிட்டியைத் தாண்டி, மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது.

இது நமக்கு எதுக்கு என்று கேட்பீர்கள். பெருமழையில் ஓயா தேத்தண்ணி நிறத்தில் ஓடுதே, அது நம்ம மலை மண். கான் தூர்ந்த மலையில் மேல்மண் கழுவிப் போகிறது. தேயிலை வேர் வெளியே தெரியும், கொழுந்து குறையும். அந்த மண்தான் கீழே அணைகளில் சேறாகத் தங்குகிறது.

இன்னொன்று. மருந்து அடிக்கிற டாங்கியைச் சிலர் ஓயாவிலேயே கழுவுகிறார்கள். கொட்டியாரம் தூரம்தான். ஆனால் கீழ் லயத்தில் அந்தத் தண்ணியில்தான் சோறு ஆக்குகிறார்கள்.