டீசல் எஞ்ஜினுக்கு ‘ப்ளோ ஆஃப்’ வால்வு வேண்டுமா?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

எங்கள் ஊர் கயத்தாறு. ஐயா தூத்துக்குடி உப்பளத்திலிருந்து கேரளத்துக்கு உப்பு ஏற்றிச் செல்லும் லாரி வைத்திருக்கிறார். பழைய வண்டி, கடனில் வாங்கியது. சென்ற ஆண்டு ஒருநாள் நடை முடிந்து வந்தவர், செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவு ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது என்றார். வழியில் ஒரு பட்டறையில் காட்டினாராம். டர்போவில் காற்று திருப்பி அடிக்கிறது, ‘ப்ளோ ஆஃப்’ வால்வு ஒன்று மாட்டினால் சரியாகிவிடும், ஒன்பதாயிரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இருந்ததோ அந்த மாதத் தவணைப் பணம் மட்டுமே.

“எய்யா, நீ படிக்கியே, இத மாட்டணுமா வேண்டாமா?” என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வண்டியைப் பற்றி ஐயா என்னிடம் கேட்டது அதுவே முதல் தடவை. எனக்குத் தெரியவில்லை. அடுத்த லோடுக்கு மூன்று நாள் இருந்ததால், பொறுங்கள் என்று சொல்லிவிட்டு நூலகத்துக்கும் எங்கள் பேராசிரியரிடமும் ஓடினேன்.

டர்போ என்பது ஒரே அச்சில் கோத்த இரண்டு சக்கரங்கள். வெளியேறும் புகை ஒன்றைச் சுழற்றுகிறது. மற்றொன்று வெளிக்காற்றை அமுக்கி எஞ்ஜினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூஷி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். காற்று அதிகம் புகுந்தால் எண்ணெயும் அதிகம் எரிக்கலாம்; அதே எஞ்ஜின் கூடுதல் பாரம் இழுக்கும்.

இனி நம் கேள்விக்கு வருவோம். பெட்ரோல் எஞ்ஜினில் காற்று வரும் வழியில் ‘திராட்டில்’ என்னும் ஒரு கதவு உண்டு. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது சட்டென்று மூடிக்கொள்ளும். டர்போவோ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்குமேல்கூடச் சுழல்வது. அது உடனே நிற்குமா? தள்ளிய காற்று மூடிய கதவில் முட்டி, வந்த வழியே திரும்பிச் சக்கரத்தின் இதழ்களில் அடிக்கும். அந்தக் காற்றுக்கு வழிவிடத்தான் ‘ப்ளோ ஆஃப்’ வால்வு.

டீசல் எஞ்ஜினின் இயல்பு வேறு. பெட்ரோல் எஞ்ஜினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற கணக்கு காக்கப்பட வேண்டும். ஆகவே பெட்ரோலைக் குறைத்தால் காற்றையும் குறைக்க வேண்டும். டீசலுக்கு அந்தக் கட்டாயமில்லை. காற்று எவ்வளவு மிஞ்சினாலும் எரியும். காலை எடுத்தால் எண்ணெய் மட்டுமே குறைகிறது; காற்றின் வழி திறந்தே இருக்கிறது. சிலிண்டர்கள் காற்றை வாங்கிக்கொண்டே இருக்க, புகையின் வேகம் தணிந்து டர்போவும் தானே அடங்குகிறது. முட்டுவதற்குக் கதவே இல்லாதபோது திறந்துவிட வால்வு எதற்கு?

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லவேண்டும். பல டீசல் டர்போக்களில் ‘வேஸ்ட்கேட்’ என்று ஒன்று இருக்கிறது. அது புகைப் பக்கத்தில் இருந்து டர்போ அளவுமீறிச் சுழலாமல் காப்பது. இரண்டும் ஒன்றல்ல. லாரி நிற்கும்போது கேட்கும் ‘புஸ்’ என்ற சத்தமும் டர்போவினுடையது அன்று. அது ஏர் பிரேக்கின் காற்று. அந்தச் சத்தத்துக்கு ஆசைப்பட்டு டீசல் காரில் வால்வு மாட்டுகிறவர்களும் உண்டாம்!

புதிய டீசல் வண்டிகள் சிலவற்றில் காற்றுக் கதவு இருக்கிறதே என்று நண்பன் ஒருவன் மடக்கினான். உண்மைதான். புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்ஜினுக்குள் இழுக்கவும், எஞ்ஜின் குலுங்காமல் நிற்கவும் அது பயன்படுகிறது. டர்போ முழு வேகத்தில் அழுத்தும்போது அது திறந்தே இருக்கும். டீசலில் காற்று திருப்பி அடிப்பதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பேரெஞ்ஜின்களில் அது நிகழக்கூடியதே. புயலில் கப்பலின் பின்புறம் தூக்கி, புரொப்பெல்லர் நீர்மட்டத்துக்கு மேலே வந்தாலோ, காற்று வடிகட்டி அடைத்தாலோ டர்போ பீரங்கிபோல் முழங்குமாம். அங்கும் வேகத்தைக் குறைப்பதும் வடிகட்டியைச் சுத்தம் செய்வதுமே முதல் வைத்தியம்.

அப்படியானால் ஐயாவின் வண்டிக்கு என்ன நோய்? கரும்புகை என்றால் எண்ணெய்க்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள். “காத்து எங்கயோ போகுது, ஐயா” என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். கண்டுபிடித்தது அவர் கை. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பியிருந்தன. வளைத்துப் பார்த்தார். விரல் நீளத்துக்கு வாய் பிளந்தது.

அந்தக் கிழிசல்தான் நாங்கள் கேட்காமலே கிடைத்த ‘ப்ளோ ஆஃப்’ வால்வு. ஏற்றத்தில் எஞ்ஜினுக்கு வேண்டிய காற்றை அது வெளியே விட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்றை ஒன்பதாயிரத்துக்கு வாங்க இருந்தோம்!

புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் ஆயிரத்தைந்நூறுக்குள் முடிந்தன. அதற்கான பணத்தை அம்மா சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். தவணையை நாள் தவறாமல் கட்டினோம். அடுத்த நடையில் ஆரியங்காவு ஏறியதும் ஐயா போனில் அழைத்து, “இழுக்குதுடா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.